இறையரசின் குடியுரிமை: பிலிப்பி முதல் வடக்கன்குளம் வரை

1. சிக்கல்

கிறிஸ்தவர்கள் இரண்டு அரசுகளுக்குக் குடிமக்கள் என்பது பிரசங்க மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் வாசகம். அந்த இரண்டு குடியுரிமைகளுக்கும் இடையே என்ன உறவு என்று கேட்டால் வழக்கமாக இரண்டு விடைகள் கிடைக்கும். பரலோகக் குடியுரிமை மறுமைக்குரியது, இங்கே நாம் பரதேசிகள், ஆகவே ஊர் நடப்பு ஊர் நடப்பாகவே இருக்கட்டும் என்பது ஒன்று. நல்ல கிறிஸ்தவன் வரி செலுத்துவான், ஆள்பவர்களுக்காக ஜெபிப்பான், சட்டத்துக்கு அடங்கி நடப்பான் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் வேத ஆதாரம் உண்டு. ஆனால் அரசும் சமூகமும் ஒருவருக்கு ஏற்கெனவே வழங்கியிருக்கும் தகுதியை, மரியாதையை, சலுகையை அவர் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியை இரண்டுமே தொடுவதில்லை.

புதிய ஏற்பாட்டில் குடியுரிமை என்ற உருவகம் இந்தக் கேள்வியிலிருந்தே முளைத்தது என்பது இக்கட்டுரையின் வாதம். கையில் உள்ள தகுதியை ஒருவர் யாருக்காகப் பயன்படுத்துகிறார், எப்போது அதைப் பயன்படுத்த மறுக்கிறார் என்பதை வைத்தே அவருடைய மேலுலகக் குடியுரிமை அறியப்பட்டது. பிற்காலத் திருச்சபை இரு அரசுகளையும் இரு தனி அறைகளாகப் பிரித்துக்கொண்டபோது இந்த அளவுகோல் கைநழுவிப் போனது. அந்த நழுவல் தமிழகத்தில் சாதியின் வடிவில் வந்து நின்றது.

முதலில் ஒரு வரையறை. இயேசு இறையரசைப் பற்றிப் பேசியபோது விதை, புளித்தமா, வலை, கலியாண விருந்து ஆகியவற்றைச் சொன்னாரே தவிர, குடியுரிமையைச் சொல்லவில்லை. ஏரோது அந்திப்பாவின் ஆட்சியில் இருந்த கலிலேயாவின் உழவர்களுக்கும் மீனவர்களுக்கும் அது எட்டாத பொருள். அவர்கள் அறிந்த ரோமாபுரி, திபேரியு இராயனின் தலை பொறித்த வெள்ளிக்காசில் இருந்தது. அந்தக் காசைப் பற்றிய கேள்விக்கு இயேசு சொன்ன விடை எல்லாருக்கும் தெரியும். குடியுரிமை உருவகமாவதற்கு, அது விலையுயர்ந்த சொத்தாக மதிக்கப்படும் ஒரு நகரம் தேவைப்பட்டது.

2. பிலிப்பி: தகுதியால் கட்டப்பட்ட நகரம்

2.1 நகரமும் அதன் பெருமையும்

கி.மு. 360 வாக்கில் தாசோஸ் தீவினர் கிரெனிதெஸ் என்ற பெயரில் நிறுவிய குடியேற்றத்தை, 356இல் மக்கெதோனிய மன்னன் இரண்டாம் பிலிப்பு கைப்பற்றித் தன் பெயரைச் சூட்டினான். நகரின் தலையெழுத்தை மாற்றியது கி.மு. 42ஆம் ஆண்டுப் போர். யூலியு சீசரைக் கொன்ற புரூட்டஸ், காசியஸ் ஆகியோரின் படைகளை அந்தோனியும் ஒக்டேவியனும் இந்த நகரின் புறவெளியில்தான் முறியடித்தனர். போர் முடிந்ததும் ஓய்வுபெற்ற வீரர்களுக்கு இங்கே நிலம் பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஆக்டியம் போருக்குப் பிறகு, இத்தாலியில் நிலத்தைப் பறிகொடுத்த அந்தோனியின் ஆதரவாளர்கள் பலரை ஒக்டேவியன் இங்கே குடியேற்றினான். நகரம் ‘கொலோனியா யூலியா அகஸ்டா பிலிப்பென்சிஸ்’ ஆயிற்று.

கொலோனியா என்பது ரோமாபுரிக்கு வெளியே நிறுவப்பட்ட ரோமாபுரி. சட்டமும் பதவிகளும் ரோமாபுரியின் அச்சில் வார்க்கப்பட்டவை. கிரேக்க மொழி பேசும் நிலத்தின் நடுவே, முதல் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை இலத்தீனில் இருக்கின்றன. குடியுரிமை பெற்றவர்கள் வோல்தினியா என்ற ரோமக் குலத்தில் பதிவு செய்யப்பட்டார்கள். ‘இத்தாலிய உரிமை’ என்ற சலுகையால் நிலவரியும் தலைவரியும் இல்லை. அட்ரியாடிக் கரையிலிருந்து பைசாந்தியம் நோக்கிச் செல்லும் எக்னாத்தியா நெடுஞ்சாலை நகரின் நடுவே ஓடியது.

பிலிப்பியின் கல்வெட்டுகளில் கண்ணைக் கவர்வது பட்டியல்தான். பேரரசின் உயர்குடியினரைப் போலவே சிற்றூர்ப் பதவிக்காரர்களும், வழிபாட்டுச் சங்கங்களின் உறுப்பினர்களும்கூட, தாம் வகித்த பொறுப்புகளைப் படிப்படியாக அடுக்கிக் கல்லில் வெட்டிவைத்தார்கள். 2005இல் வெளிவந்த தம் நூலில் ஜோசஃப் ஹெலர்மன் இந்தப் பழக்கத்தை விரிவாக ஆராய்ந்து, கனம் தேடும் ஏணி பிலிப்பியின் சமூக வாழ்வு முழுவதையும் தாங்கி நின்றது என்று காட்டுகிறார். பட்டங்களை நீளமாக அச்சடிக்கும் நம் ஊர் அழைப்பிதழ்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விளங்காத செய்தியன்று.

2.2 தொழுமரமும் மறுநாள் காலையும்

ஏறக்குறைய கி.பி. 50இல் பவுலும் சீலாவும் இந்த நகருக்கு வந்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரம் அங்கே மூன்று பேரை முன்னிறுத்துகிறது: தியத்தீரா ஊரைச் சேர்ந்த, இரத்தாம்பரம் விற்கும் லீதியாள்; குறிசொல்லும் ஆவி பிடித்த ஓர் அடிமைப்பெண்; சிறைச்சாலைக்காரன். அந்தப் பெண்ணை விட்டு ஆவி நீங்கியதும் அவளால் கிடைத்த வருமானம் நின்றது. எஜமான்கள் பவுலையும் சீலாவையும் சந்தைவெளிக்கு இழுத்துவந்தார்கள். தங்கள் நஷ்டத்தைப் பற்றி அவர்கள் வாயே திறக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இவர்கள் யூதர்கள், ரோமர்களாகிய நாம் ஏற்கத் தகாத வழக்கங்களைப் பரப்புகிறார்கள் என்பதே குற்றச்சாட்டு. பணப்பை காலியானதும் தேசப்பற்றைக் கையில் எடுத்தார்கள். விசாரணை இல்லாமலேயே இருவரும் கோலால் அடிக்கப்பட்டு, உட்காவலறையில் தொழுமரத்தில் மாட்டப்பட்டார்கள்.

பவுல் பிறப்பிலேயே ரோமக் குடியுரிமை பெற்றவர் என்கிறார் லூக்கா. தீர்ப்பின்றி ரோமக் குடிமகனை அடிப்பது கடும் குற்றம். போர்கியச் சட்டங்கள் முதல் யூலியச் சட்டம் வரை அதைத் தடுத்திருந்தன. கவியஸ் என்ற குடிமகன், தான் ரோமன் என்று கதறியும் சிலுவையில் அறையப்பட்டதையே வெர்ரஸ் மீதான வழக்கின் உச்சமாகக் கி.மு. 70இல் கிக்கெரோ காட்டினார். அப்படிப்பட்ட கவசம் கையில் இருந்தும் பவுல் சந்தைவெளியில் அதை எடுக்கவில்லை. மறுநாள் காலையில் எடுத்தார். விடுதலைச் செய்தியோடு சேவகர்கள் வந்தபோது, இரகசியமாகப் போக முடியாது, அதிகாரிகளே வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்றார். அதிகாரிகள் பயந்து வந்து மன்னிப்பு வேண்டினார்கள்.

ஏன் இந்தத் தாமதம்? கூட்டத்தின் கூச்சலில் சொல்ல வாய்ப்பில்லாமல் போயிருக்கலாம். உரிமையை முதலிலேயே காட்டியிருந்தால், அது இல்லாத புதிய விசுவாசிகள் தனித்துவிடப்பட்டிருப்பார்கள் என்பது சில ஆய்வாளர்களின் கருத்து. லூக்கா காரணம் சொல்லவில்லை. நிகழ்ச்சிகளின் வரிசையை மட்டும் தருகிறார். அந்த வரிசையே போதுமான சாட்சி. அடி விழுந்தபின் குடியுரிமையைச் சொல்வதால் பவுலின் முதுகுக்கு எந்தப் பயனும் இல்லை. பயன் அடைந்தது லீதியாளின் வீட்டில் கூடிய சிறு சபை. பவுல் ஊரை விட்டுப் போன பிறகு அந்தச் சபைமேல் கைவைக்க அதிகாரிகள் ஒருமுறைக்கு இருமுறை யோசித்திருப்பார்கள். சிறையிலிருந்து வெளிவந்தவர்கள் நேரே அந்த வீட்டுக்குத்தான் சென்றார்கள்.

இதிலிருந்து பொதுவிதி ஒன்றை வகுத்துவிட முடியாது. எருசலேமில் சாட்டையடிக்காகக் கட்டப்பட்டபோது பவுல் அடிக்கு முன்பே குடியுரிமையைச் சொன்னார். பெரும்பணம் கொடுத்து அதே உரிமையை வாங்கியிருந்த சேனாபதி லீசியா திடுக்கிட்டான். செசரியாவில் இராயனுக்கு அபயமிட்டார். இரண்டாம் கொரிந்தியரிலோ தாம் மூன்று முறை கோலால் அடிக்கப்பட்டதாக எழுதுகிறார். எடுப்பதும் எடுக்காததும் அந்தந்த வேளையின் தேவையைப் பொறுத்தது. ஒன்று மட்டும் மாறவில்லை: தம் நிருபங்கள் எதிலும் பவுல் இந்தக் குடியுரிமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த மௌனத்தை வைத்தே, அவருக்கு அது இருந்திருக்காது என்று ஐயுறும் ஆய்வாளர்களும் உண்டு. பெருமைக்குரியதாக அவர் அதைக் கருதவில்லை என்பது எனக்குப் போதுமான விளக்கமாகத் தோன்றுகிறது.

2.3 நிருபம்

சில ஆண்டுகளுக்குப் பின் பவுல் காவலில் இருந்தபடி பிலிப்பியருக்கு எழுதினார். காவல் ரோமாபுரியிலா எபேசுவிலா என்ற விவாதம் இங்கே நமக்குத் தேவையில்லை. சுவிசேஷத்துக்குத் தகுந்த குடிமக்களாக நடந்துகொள்ளச் சொல்வதும் (1:27), நம் குடியுரிமை பரலோகத்தில் இருக்கிறது, அங்கிருந்தே இரட்சகர் வருவார் என்பதும் (3:20) இந்த நிருபத்தில்தான் வருகின்றன. கர்த்தர், இரட்சகர் என்பவை அந்நாளில் இராயருக்கும் வழங்கிய பட்டங்கள்.

இந்த வாசகங்களைப் பிலிப்பியின் தெருவில் நின்று கேட்க வேண்டும். கொலோனியாவின் குடிமகனுக்கு ரோமாபுரி என்றோ ஒருநாள் போய்ச் சேரவேண்டிய ஊராக இருக்கவில்லை. ரோமாபுரியின் சட்டப்படி பிலிப்பியில் வாழ்வதே அவன் குடியுரிமை. பரலோகக் குடியுரிமையை மரணத்துக்குப் பிந்திய குடிபெயர்வாகப் படிக்கும் வழக்கம் இந்தப் பின்னணியோடு பொருந்தவில்லை. 3:20இன்படியும் இயக்கம் மேலிருந்து கீழ்நோக்கியது: இரட்சகர் அங்கிருந்து வருகிறார், நாம் புறப்பட்டுப் போவதைப் பற்றி அந்த வசனம் பேசவில்லை.

அந்த மேலுலகச் சட்டம் எது? இரண்டாம் அதிகாரத்தின் கிறிஸ்து பாடல் பகுதி அதைச் சொல்கிறது. கடவுளுக்குச் சமமான நிலையைத் தம் நலத்துக்காகப் பற்றிக்கொள்ளாதவர், அடிமையின் வடிவெடுத்துச் சிலுவை மரணம் வரை இறங்கினார். சிலுவை அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய தண்டனை; ரோமக் குடிமகனுக்கு அது பொதுவாக விதிக்கப்படாது. ஏணியின் படிகளைக் கல்லில் வெட்டிவைக்கும் நகரத்தில், பவுல் இறங்கும் படிகளை வரிசையாக எழுதுகிறார். ஹெலர்மன் இதை இகழ்ச்சியின் ஏணி என்று விளக்குவது பொருத்தமே. மூன்றாம் அதிகாரத்தில் பவுல் தம் சொந்தப் பட்டியலையும் அடுக்கிவிட்டு, எல்லாவற்றையும் குப்பை என்று தள்ளுகிறார்.

யாரிடம் இதைச் சொன்னார் என்பதும் முக்கியம். பிலிப்பி சபையினரில் பெரும்பாலோர் ரோமக் குடியுரிமை இல்லாத கிரேக்கர் என்று ஆய்வாளர் பீட்டர் ஓக்ஸ் 2001இல் வாதிட்டார். அவர் கணிப்பு சரியென்றால், 3:20ஐ அந்தச் சிறு கூடத்தில் வாசித்தபோது ஒரே வசனம் இரண்டு விதமாக விழுந்திருக்கும். உரிமை உள்ளவருக்கு அது இழப்பு. இல்லாதவருக்கு, அண்டை வீட்டு ரோமனோடு ஒரே பதிவேட்டில் பெயர் ஏறுவது. இந்தச் சமமின்மையைக் கவனிக்காமல் எல்லாருக்கும் ஒரே தொனியில் ‘தாழ்மையாயிருங்கள்’ என்று போதிப்பது பவுலின் கருத்துக்கு எதிரானது என்றே நினைக்கிறேன். ஏணியில் ஏறியிராத ஒருவரை இறங்கச் சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது?

2.4 நடுச்சுவர்

எபேசியர் இரண்டாம் அதிகாரம் இதே சொல்வட்டத்தில் இன்னொன்றைச் சேர்க்கிறது. பிரிவினையான நடுச்சுவர் தகர்ந்ததால், அந்நியராக இருந்தவர்கள் பரிசுத்தவான்களோடு ஒரே நகரத்தாராகிறார்கள். எருசலேம் தேவாலயத்தில் புறஇனத்தார் கடக்கக் கூடாத ஒரு தடுப்பு இருந்தது. மீறினால் மரணம் என்று எச்சரிக்கும் கிரேக்கக் கல்வெட்டை 1871இல் கிளெர்மோன்-கனோ கண்டெடுத்தார். எபேசு ஊரானாகிய துரோப்பீமுவை அந்தத் தடுப்புக்கு உள்ளே அழைத்துப் போனதாக எழுந்த சந்தேகத்தில்தான் பவுல் எருசலேமில் பிடிபட்டார். குடியுரிமையும் சுவரும் ஒரே பத்தியில் வருவது தற்செயலாக இருக்க முடியாது.

3. லியோன், கி.பி. 177

குடியுரிமை சாவிலும் வேறுபாடு காட்டியது. ஏறக்குறைய 112இல் பித்தினியா ஆளுநர் பிளினி, பிடிவாதமான கிறிஸ்தவர்களைக் கொல்ல உத்தரவிட்டார். ரோமக் குடியுரிமை உள்ளவர்களை மட்டும் ரோமாபுரிக்கு அனுப்பக் குறித்துவைத்தார்.

காலியா நாட்டின் லியோனில் 177இல் நடந்த துன்புறுத்தலைப் பற்றி அங்குள்ள சபைகள் எழுதிய கடிதத்தை யூசேபியு பாதுகாத்து வைத்திருக்கிறார். வியன் நகர உதவிக்காரனாகிய சாங்க்துஸ், தன் பெயர், இனம், ஊர் எதையும் சொல்லவில்லை. அடிமையா சுதந்தரனா என்பதையும் சொல்லவில்லை. கேள்வி எதுவானாலும் தான் கிறிஸ்தவன் என்று இலத்தீனில் ஒரே பதிலைத் தந்துகொண்டிருந்தான். அத்தாலுஸ் ரோமக் குடிமகன். குடிமக்களின் தலை வெட்டப்பட்டது, மற்றவர்கள் மிருகங்களுக்கு எறியப்பட்டார்கள். கூட்டத்தை மகிழ்விக்க ஆளுநர் அந்த வேறுபாட்டையும் மீறி அத்தாலுஸை மிருகங்களிடம் ஒப்படைத்தான்.

ஆனால் அந்தக் கடிதத்தின் நாயகி பிளாந்தினா என்ற அடிமைப்பெண். அவளுடைய எஜமானியும் சாட்சிகளில் ஒருத்தி. அந்த எஜமானியைப் பற்றி, அடிமையின் மனவுறுதிக்காகக் கவலைப்பட்டாள் என்பதைத் தவிர அதிகம் சொல்லப்படவில்லை. மரத்தூணில் தொங்கவிடப்பட்ட பிளாந்தினாவில்தான் கூட இருந்தவர்கள் சிலுவையில் அறையப்பட்டவரைக் கண்டார்கள். பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்துக்கு இதைவிடச் சிறந்த உரையை நான் வாசித்ததில்லை.

212இல் கரக்கல்லா பேரரசின் ஏறக்குறைய எல்லாச் சுதந்தர மக்களுக்கும் குடியுரிமை வழங்கியதும் அதன் அருமை குறைந்தது. உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்ற பிரிவு சட்டத்தில் அந்த இடத்தைப் பிடித்தது. 313இல் கிறிஸ்தவத்துக்குச் சகிப்பு வந்தது. 380இல் திரித்துவ விசுவாசமே பேரரசின் மதமாயிற்று. சலுகை இப்போது சபையின் பக்கம் வந்துவிட்டது.

4. அகஸ்டின் திறந்துவைத்த கதவு

410இல் அலாரிக்கின் படை ரோமாபுரியைச் சூறையாடியது. பழைய தெய்வங்களைக் கைவிட்டதால் வந்த வினை என்ற பழிக்கு விடையாக அகஸ்டின் 413 வாக்கில் ‘கடவுளின் நகரம்’ நூலைத் தொடங்கி, 22 புத்தகங்களாக ஏறக்குறைய 426இல் முடித்தார். இரண்டு அன்புகள் இரண்டு நகரங்களைக் கட்டுகின்றன. உலக முடிவு வரை அவை கலந்தே இருக்கும். திருச்சபைக்கு உள்ளேயும் இரண்டும் கலந்திருக்கின்றன. கிறிஸ்தவப் பேரரசையே இறையரசாகப் போற்றிய காலத்தில் இது துணிச்சலான மறுப்பு.

சிக்கல் 19ஆம் புத்தகத்தில் இருக்கிறது. வழிப்பயணத்தில் உள்ள மேலுலக நகரம் எல்லா இனங்களிலிருந்தும் தன் குடிகளை அழைக்கிறது. ஒரே கடவுளை வழிபடத் தடையாக இல்லாதவரை, அவரவர் வழக்கங்களையும் சட்டங்களையும் அமைப்புகளையும் அது கலைப்பதில்லை. உடைக்கும் உணவுக்கும் இந்த விதி நியாயமானதுதான். ஒருவரை மேலும் இன்னொருவரைக் கீழும் வைப்பதே வழக்கமாக இருந்தால்? அதே புத்தகத்தில் அடிமைமுறை பாவத்தின் விளைவு, மனித இயல்பன்று என்கிறார் அகஸ்டின். அடுத்த மூச்சில் அடிமைகள் மனமுவந்து கீழ்ப்படிய வேண்டும் என்கிறார். நோயைச் சரியாகக் கண்டறிந்தவர் மருந்து எழுதாமல் போய்விட்டார்.

மார்ட்டின் லூத்தர் 1523இல் உலக அதிகாரம் குறித்து எழுதிய நூலில் இரு ஆட்சிகளைப் பிரித்ததன் உடனடி நோக்கம், விசுவாசத்தில் அரசன் தலையிடாமல் காப்பது. ஆனால் 1525இல் ஜெர்மானிய உழவர்கள், கிறிஸ்து எங்களையும் மீட்டிருக்கும்போது நாங்கள் எப்படிப் பண்ணையடிமைகள் என்று தங்கள் பன்னிரண்டு கோரிக்கைகளில் கேட்டபோது, அது கிறிஸ்தவ சுதந்தரத்தை மாம்சத்துக்குரியதாக்குகிறது என்று லூத்தர் கடிந்துகொண்டார். ஆபிரகாமுக்கும் அடிமைகள் இருந்தார்களே என்றார். இரண்டு அறைகளுக்கும் நடுவே கதவு சாத்தப்பட்ட தருணம் இது. லூத்தரின் சபை மரபே 1706இல் தரங்கம்பாடிக் கரையில் வந்து இறங்கியது.

5. சாதி எந்த அரசைச் சேர்ந்தது?

5.1 தஞ்சாவூர்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைப் பகுதிச் சபைகளில் வெள்ளாளர் ஒருபுறமும் தாழ்த்தப்பட்டோர் மறுபுறமுமாக அமர்ந்தார்கள். திருவிருந்தில் யார் முன், யார் பின் என்ற வரிசை இருந்தது. பழைய மிஷனரிகள் இதைப் பொறுத்துக்கொண்டார்கள். புதிதாக வந்தவர்கள் பொறுக்கவில்லை. இந்தப் புதியவர்களை எதிர்த்து 1829 வாக்கில் எழுதியவர் சாமானியரல்லர்: ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய வேதநாயக சாஸ்திரியார், மிஷனரி சுவார்ட்சு ஐயரிடம் வளர்ந்தவர், சரபோஜி மன்னரின் ஆதரவு பெற்றவர்.

புதியவர்கள் செய்ததாக அவர் அடுக்கிய கொடுமைகள் நான்கு என்று ஆய்வாளர் டென்னிஸ் ஹட்சன் எடுத்துக்காட்டுகிறார். பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றுவது, சாதிகளைக் கலப்பது, கலியாணம் போன்ற சடங்குகளில் பூவை விலக்குவது, தமிழ்க் கீர்த்தனைகளைத் தடுப்பது. இவற்றில் மூன்றில் இன்றைய வாசகர் சாஸ்திரியார் பக்கமே நிற்பார், நானும் நிற்கிறேன். அவர் பாடல்கள் இல்லாத தமிழ்க் கிறிஸ்தவ வழிபாட்டை யாரால் நினைத்துப் பார்க்க முடியும்? இடறல் எஞ்சிய ஒன்றில், சாதியில், இருக்கிறது. பூவும் பாட்டும் சாதியும் ஒரே மூட்டையில், ‘எங்கள் வழக்கம்’ என்ற ஒரே முடிச்சில் வந்து சேர்ந்தன. அகஸ்டின் திறந்துவைத்த கதவு வழியே நுழைந்தது இந்த மூட்டைதான். மறுபுறம், பூவையும் சாதியையும் வேறுபடுத்தத் தெரியாத புதிய மிஷனரிகளும் அந்த முடிச்சை இறுக்கினார்கள்.

1833இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே கைவிடும்படி சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டு விலகினார்கள்.

5.2 லைப்சிக் விடை

விலகியவர்களில் பலருக்குப் பின்னாளில் அடைக்கலம் தந்தது லைப்சிக் லூத்தரன் மிஷன். அதன் இயக்குநர் கார்ல் கிரால் தமிழை ஆழ்ந்து கற்றவர், திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர். 1849 முதல் 1853 வரை இந்தியாவில் பயணம் செய்தார். சாதி சமூக வாழ்வைச் சேர்ந்த ஏற்பாடு, அதைச் சட்டம் போட்டு ஒழிப்பது சுவிசேஷத்தின் வேலையன்று, உள்ளிருந்து காலப்போக்கில் கரைய வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. மதராஸ் மிஷனரிகள் 1850இல் கூடி, சாதி வெறும் சமூக வழக்கமன்று, சமயத்தோடு பிணைந்தது, சபையில் அதற்கு இடமில்லை என்று அறிவித்தபோது லைப்சிக் மிஷனரிகள் சேரவில்லை.

கிராலை வெறும் பிற்போக்காளர் என்று ஒதுக்குவது எளிது. மேற்கத்திய வாழ்முறையைச் சுவிசேஷத்தோடு சேர்த்துத் திணிக்கக் கூடாது என்ற அவர் கவலை உண்மையானது. ஆனால் அவருடைய விடை உழவர்களுக்கு லூத்தர் சொன்ன விடையின் தமிழ் வடிவம். எதிர்த்தரப்பின் விடையிலும் ஒரு குறை உண்டு. சாதி சமயத்தைச் சேர்ந்தது என்பதால்தான் தவறு என்று வாதிட்டவர்கள், அது சமூகத்தைச் சேர்ந்தது என்று மெய்ப்பிக்கப்பட்டால் விட்டுவிடலாம் என்று ஒப்புக்கொண்டவர்களாகிறார்கள். சாதி எந்த அறைக்குரியது என்பதே இரு தரப்பின் கேள்வி. மேல்சாதியில் பிறந்த விசுவாசி தனக்குக் கிடைத்த மரியாதையை என்ன செய்தான் என்ற பிலிப்பியின் கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

5.3 வடக்கன்குளம்

அந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கு முன்பே விடை சொன்னவர் ஒருவர் உண்டு. நட்டாலத்தில் 1712இல் பிறந்து, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசுப் பணியில் இருந்த நாயர் குலத்து நீலகண்டன், டச்சுத் தளபதி தெ லனாயின் வழியாகக் கிறிஸ்துவை அறிந்தார். 1745இல் திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே, வடக்கன்குளத்தில், தேவசகாயம் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார். தாழ்த்தப்பட்டோரோடு சரிசமமாகப் பழகியது அவர்மேல் சினம் மூளக் காரணங்களுள் ஒன்றாயிற்று. 1749இல் கைதானார், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுடப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டபோது, அவர் பெயரோடு நெடுங்காலம் ஒட்டியிருந்த ‘பிள்ளை’ என்ற சாதிப் பட்டத்தைத் திருச்சபை விட்டுவிட்டது.

அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஒரே பீடத்தை நோக்கிய இரண்டு நீள் மண்டபங்கள் கொண்ட கோவில் எழுந்தது. ஒன்று வெள்ளாளருக்கு, மற்றது நாடார் உள்ளிட்ட பிறருக்கு, நடுவே சுவர். கால்சட்டை வடிவக் கோவில் என்று கேலி செய்யப்பட்ட அந்தக் கட்டடம், எபேசியர் இரண்டாம் அதிகாரத்தைச் செங்கல் வைத்து மறுத்த ஒன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயேசு சபைக் குரு கௌசானல் காலத்தில் சுவர் இடிக்கப்பட்டது. அதைத் திரும்பக் கேட்டு வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் நீதிமன்றம் சென்றார்கள்; மதராஸ் உயர் நீதிமன்றமும் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை. கட்டியதும் இடித்ததும் திருச்சபையேதான் என்பதை மறக்கக் கூடாது.

6. 1950ஆம் ஆண்டு ஆணையும் சூசை வழக்கும்

நாட்டின் குடியுரிமையும் இறையரசின் குடியுரிமையும் இன்று நேருக்கு நேர் மோதும் இடம் ஓர் அரசாணை. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்து சமயத்தைச் சேராதவரைப் பட்டியல் சாதியினராகக் கருத முடியாது என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள்; கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடம் கிடைக்கவில்லை. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்பது இதற்குச் சொல்லப்படும் முதன்மையான நியாயம். திருச்சபையின் பிரசங்கத்தை அரசு அப்படியே நம்பிவிட்டது.

விளைவாக, வீட்டில் ஜெபமும் சான்றிதழில் இந்து என்ற பதிவுமாக வாழும் குடும்பங்கள் ஏராளம். இவர்களை மறுதலிப்பவர்கள் என்று மேடையில் கடிந்துகொள்வோர் உண்டு. சாங்க்துஸின் பதிலை இவர்களிடம் எதிர்பார்ப்பவர்கள், தங்கள் கலியாண விளம்பரத்தில் ‘கிறிஸ்தவ’ என்ற சொல்லுக்கு அடுத்து என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது. விசுவாசத்துக்காக இழக்க வேண்டியது எப்போதும் கீழே இருப்பவரின் பங்காகவே ஏன் முடிகிறது? பவுலின் பட்டியல் மேலிருந்து இறங்கியவரின் பட்டியல்.

சூசை என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது. சென்னையில் சாலையோரம் தொழில் செய்யும் பட்டியல் சாதியினருக்கு இலவசமாகத் தரப்பட்ட சிறு கடைப்பெட்டி, கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டுவது மட்டும் போதாது. புதிய மதச் சூழலிலும் அதே அளவு கொடுமையோடு சமூக இழிவுகள் தொடர்கின்றன என்று நிறுவ வேண்டும் என்றது நீதிமன்றம். அதற்கான சான்றுகள் வழக்கில் இல்லை என்று மனு தள்ளுபடியானது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத நிபந்தனையை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது.

இந்தத் தீர்ப்பு திருச்சபையின் முன் வைத்த நிபந்தனை விசித்திரமானது. தலித் கிறிஸ்தவர்களுக்கு நாட்டின் சட்டத்தில் உள்ள உரிமை கிடைக்க வேண்டுமானால், தன் சொந்த வீட்டில் எல்லாரும் ஒரே நகரத்தாராக நடத்தப்படவில்லை என்று திருச்சபையே சாட்சி சொல்ல வேண்டும்: தனிக் கல்லறைகளை, தேர் போகாத தெருக்களை, பீடத்தை எட்டாத அழைத்தல்களை எண்ணிக் காட்ட வேண்டும். தலித் கிறிஸ்தவ அமைப்புகள் பல ஆண்டுகளாக அதைச் செய்துவருகின்றன. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையும் தன் தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணத்தில், சபைக்குள் தீண்டாமை இருப்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதலுக்கான சான்றுகளை ஒவ்வொரு பங்கிலிருந்தும் திரட்டித் தர, அங்கே மேலிடத்தில் இருப்பவர்களே முன்வருவார்களா என்பது இன்னும் விடை காணாத கேள்வி.